சேவலைத் தின்னாத கம்பம்

திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து மூட்டைகளைப் பள்ளத்திலுள்ள தொழிற்சாலைக்கு இறக்கும் கம்பியைத் தாங்கும் கம்பம் அசையாமல் நிற்கிறது. அடியில் உயிரோடு ஒரு சேவலைப் புதைத்திருக்கிறார்கள், அதுதான் காரணம் என்று நுவரெலியாச் சந்தை முழுக்கப் பேச்சு. சேவலுக்கு இத்தனை பலம் என்றால் பாலம் கட்டுகிறவர்கள் சிமெந்தை விட்டுக் கோழி வளர்க்கலாமே என்று பார்க்கப் போனேன்.

நட்டவர் கல்லுடைக்கும் ஆண்டியப்பன். "சேவலா? இது மூணாவது கம்பமுங்க" என்று தம் தோல்விகளைத்தான் முதலில் பெருமையாகச் சொன்னார்.

கம்பி கம்பத்தைப் பள்ளத்துப் பக்கமே இழுக்கும். முதல் கம்பத்தை ஆழமாக மண்ணில் நட்டார். மழையில் மண் குழைந்ததும் அது பள்ளத்தைக் கும்பிட்டது. இரண்டாவதுக்குப் பாறை தட்டும்வரை தோண்டி, பாறைமேல் நிறுத்தினார். அடுத்த மழையில் தலை பள்ளத்துக்குச் சாய, கால் மேட்டுப் பக்கம் வழுக்கியது.

"விருந்தாளி மாதிரி மேல உக்கார வச்சா, தள்ளுனதும் எந்திரிச்சுப் போயிராது?" என்றார் அவர் மனைவி வேலாயி.

இன்னொன்று சாய்ந்தால் கம்பியையே கழற்றிவிடுவேன் என்றார் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு. கழற்றினால் மூட்டைகள் பழையபடி பெண்கள் தலைக்கு வரும். அந்தச் சரிவில் மூட்டையோடு விழுந்த வேலாயியின் முழங்கால் இன்றைக்கும் மடங்காது.

அந்தக் கவலையோடு கல் உடைக்கப் போன இடத்தில், பாறைத் துளைக்குள் அலவாங்கு, அதாவது கடப்பாரை, சிக்கிக்கொண்டது. மூன்று பேர் தள்ளியும் மேற்பகுதி வளைந்ததே ஒழிய, அடி அசையவில்லை. ஆண்டியப்பன் திட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். மேலே தள்ளினால் துளையின் முன்விளிம்பு தாங்குகிறது. அடி பின்னால் உதைத்தால் பின்சுவர் தாங்குகிறது. மண் மழைக்கு இளகும், பாறை இளகாது.

பிறகென்ன, பாறையைத் தொடையாழம் குடைந்து, பழைய தண்டவாளத் துண்டொன்றைக் கம்பமாக உள்ளே இறக்கிச் சிமெந்து ஊற்றினார். அதற்குப் பின் எத்தனையோ மழை பெய்துவிட்டது. நானும் உடம்பைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். வழுக்கியது என் செருப்பு.

"அப்போ சேவல் கதை?"

"கம்பம் நின்னா முனியாண்டிக்குச் சேவல் அறுக்குறேன்னு இவருதான் நேந்துக்கிட்டாரு. அதுக்குத்தான் ஊரு காலும் கையும் வச்சிருச்சு" என்றார் வேலாயி.

"நின்னுருச்சுன்னு இப்பவே எப்படிப் புள்ள சொல்றது? இந்த மழையும் போகட்டுமே."

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கிழட்டுச் சேவலொன்று நிதானமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. முனியாண்டி காத்திருக்கிறார்.