தண்ணீர் தேங்கிய பாண் வேன்

போன வெள்ளிக்கிழமை எங்கள் அறைக்கு ஏசி பூட்ட முந்தலிலிருந்து ஓர் ஆளை மகன் கூட்டி வந்தான். வந்தவர் சுவரில் துளை போட்டார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்து, துளை சரிவாகப் போகிறதே, நேராகப் பிடியும் என்றேன்.

"சரிவாத்தான் மாமா போடோணும்," என்றார் அவர். "தண்ணி வெளிய போக வழி வெக்காட்டி எல்லாம் உள்ளுக்குத்தான் நிக்கும்."

குசினிக்குள் சட்டி விழுந்தது போல் ஒரு சத்தம். சட்டி இல்லை, என் மனைவி சுபைதாவின் சிரிப்பு.

"அவருக்கு அதச் சொல்லாதீங்க தம்பி. தண்ணிக்கு வழி வெக்காம என்னை மன்னார் வரைக்கும் கொண்டுபோன மனிசன் அவர்."

உடனே மகன், "வாப்பா, நீங்க கை வெக்க வேணாம்," என்றான். நான் எங்கே கை வைத்தேன்? கதிரையில்தானே இருந்தேன்!

நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கற்பிட்டிக் கரையில் உடைந்த போட்டுகளுக்குப் பைபர் ஒட்டிப் பிழைத்தவன். கண்ணாடி நார்த் துணியை விரித்து, மேலே ரெசின் பசையை ஊற்றித் தேய்க்கும் வேலை அது. அந்த மணம் பாதிப் பேருக்குத் தலைவலி, எனக்கு அத்தர். இந்த வீட்டின் வயர், குழாய், தண்ணீர்த் தாங்கி எல்லாம் நான் பூட்டியவை. எல்லாம் முதல் தடவையிலேயே சரி வந்தன என்று சொல்ல வரவில்லை. வாசல் மணியை அழுத்தினால் குசினி லைட் அணைந்துபோகும். மூன்று வருடம் அப்படியே இருந்தது. ஆனால் சுபைதா தேங்காய் துருவும் சத்தத்தில் மணி கேட்காவிட்டாலும் லைட் போனால் வாசலில் ஆள் என்று தெரிந்துவிடும். எந்த எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது?

வேன் கதைக்கு வருகிறேன்.

சுபைதா மன்னார்க்காரி. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த குடும்பம். அங்கே கரைத்தீவில் அவர்கள் இருந்த ஓலைக் கொட்டிலில்தான் எங்கள் நிக்காஹ் நடந்தது. யுத்தம் முடிந்து ஊர் பார்க்கப் போனபோது அவளுடைய வாப்பாவின் வீடு இல்லை. ஒரு கிணறும் வெடித்த சீமெந்துத் தரையும் மிச்சம், மற்றதெல்லாம் உடைமரக் காடு. தங்க இடமில்லாததால் பொழுது சாய முன்னரே பஸ் பிடித்துத் திரும்பினோம். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் திரும்பி வரும் வழியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஒரு ராவு எண்ட வாப்பாட காணில படுத்து எழும்பினாப் போதும்."

அவளுடைய தம்பி, என் மச்சான், சிரித்தான். "ராத்தாக்குத்தான் விசரெண்டா நீங்களுமா மச்சான்? காட்டுக்குள்ள எங்க படுக்கிற?"

எங்கே படுப்பது என்று எனக்குத் தெரியும். ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி ஓட வந்த ஒரு வெள்ளைக்காரனின் வேனுக்கு ஒருமுறை கூரை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே கட்டில், அடுப்பு, அலுமாரி, எல்லாம் இருந்தன. ஒருதரம் பார்த்தேன். எனக்கு ஒருதரம் போதும்.

சிலாபத்துப் பக்கம் ஒரு பேக்கரிக்காரரிடம் ஊர் ஊராகப் பாண் ரொட்டி விற்ற பழைய வேன் ஒன்றை வாங்கினேன். பாண் அடுக்கும் இரும்புத் தட்டுகளை வெட்டி, இரண்டு ஆள் படுக்கத் தட்டாக ஒட்டினேன். மேலே மெத்தை, கீழே அடுப்பும் சாமானும். காற்று வரக் கூரையை வெட்டி, போட்டில் மீன் பெட்டிக்குப் போடும் மூடி ஒன்றைப் பூட்டினேன். பிறகு கீழே படுத்து வேனின் அடியைப் பார்த்தேன். விரல் போகிற அளவில் ஓட்டைகள்! கதவுகளின் கீழ் ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்னத் துவாரங்கள். போட் திருத்துகிறவனுக்கு அடியில் ஓட்டை என்றால் மௌத்து, சாவுதான். தண்ணீர் வடிய வேன் செய்தவன் வேண்டுமென்றே வைத்த துவாரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒன்று விடாமல் அடைத்தேன். தரை முழுவதும் இரண்டு படை பைபர், சுவரில் முழங்கால் உயரம் வரை, கதவடியில் ஒரு சாண் வரம்பு. கடலில் இறக்கினாலும் மிதக்கும் என்று மச்சானிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அது உண்மையும்தான்.

மாரி மழை தொடங்கிய ஒரு காலையில் புறப்பட்டோம். அநுராதபுரம் தாண்டியதும் மழை கொட்டியது. நான் பிடித்த வேகத்துக்குக் காற்று கூரை மூடியைத் தூக்கிவிட்டதை ஓட்டுகிறவன் எப்படிக் காண்பது? பின்னால் தட்டில் படுத்திருந்த சுபைதாதான் குரல் கொடுத்தாள்.

"இஞ்ச, எண்ட செருப்பு முன்னுக்கு வருது."

"செருப்பு எப்பிடி நடந்து வரும்?"

"நடக்கல்ல. மிதந்து வருது!"

பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்த வெள்ளமெல்லாம் ஒரே அலையாக வந்து என் காலை மூடியது. செருப்பு, பிளாஸ்க், பாண் பை, எல்லாம் சேர்ந்து வந்தன. மறுபடி ஓட்டினால் எல்லாம் பின்னுக்குப் போயின. மேலால் வந்த ஒரு சொட்டும் கீழால் போகவில்லை. கசிவு இல்லாத வேலை என்றால் அது!

மதவாச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். தண்ணீர் ரோட்டில் பாய்ந்தது. கடைக்காரர் சிங்களவர். எட்டிப் பார்த்து, "மாலு த?" என்றார். மீனா என்று கேட்கிறார். "மாலு நே மாத்தயா," மீன் இல்லை என்றாள் சுபைதா, தட்டில் காலை மடக்கி ராணி போல இருந்துகொண்டு.

கதவு மட்டத்துக்குக் கீழே இன்னும் ஒரு சாண் தண்ணீர் நின்றது. மழை விடவில்லை. மெத்தை நனைந்த பாண் போல ஊறிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மச்சானின் போன், நடந்ததைச் சொன்னேன். "கப்பல் எந்தத் துறையில மச்சான் நிக்குது? பேசாமத் திருப்புங்க." உள்ளதைச் சொல்கிறேன், என் கையும் திருப்பத்தான் போயிற்று.

சுபைதா சத்தம் போடவில்லை. "இப்பத் திருப்பினா நான் இனி வாய் தொறந்து கேக்க மாட்டன். அதுதான் நல்லமெண்டாத் திருப்புங்க," என்றாள்.

கடைக்காரரிடம் அலவாங்கு என்கிற கடப்பாரை ஒன்றை இரவல் வாங்கினேன். நான் அடைத்த தரையில், நாலு மூலையிலும் நானே குத்தினேன். முதல் குத்துக்குக் கை வரவில்லை. அதுவரை அடியில் ஓட்டை அடைத்த கை அது, போட்டது கிடையாது. நாலாவது குத்தோடு தண்ணீர் போய்விட்டது. கடைக்காரர் கை தட்டினார். நாங்கள் வடக்கே போனோம்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் காணிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மெத்தையை உடைமரத்தில் காயப் போட்டேன், காயவில்லை. சுபைதா ஒரு கொப்பை முறித்துச் சீமெந்துத் தரையைக் கூட்டினாள். "இது குசினி. இது உம்மாட அறை. இது எண்ட," என்று காலால் கோடு காட்டினாள். அவளுடைய அறையில் பாயை விரித்தாள். வேனுக்கும் மரத்துக்கும் தார்ப்பாய்ப் படங்கு கட்டிக் கொடுத்தேன். பாம்பு வரும் என்றேன்.

"வந்தா எண்ட ஊர்ப் பாம்புதானே," என்று சொல்லிப் படுத்தவள், குறட்டை விட்டுத் தூங்கினாள்.

விடியற்காலை எழுந்து கேட்டோம். காது எட்டும் தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு இல்லை. "நீங்களே சொல்லுங்க," என்றாள். கரகரத்த குரலில் சொன்னேன். அவள் அழுதாள். என் குரலுக்கு அழவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

இப்போது சொல்லுங்கள். குறையில்லாத வேன் ஒன்றை நான் கட்டியிருந்தால் அவள் பாண் தட்டில் தூங்கி எழுந்திருப்பாள். வாப்பாவின் தரையில் அவளைப் படுக்க வைத்தது என் பிழை. அந்தப் பிழைக்கு நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

வேன் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஊருக்குக் கார்ப்பெட் ரோடு வந்துவிட்டது. மச்சானும் அவனுடைய சகோதரர்களும் காணியைப் பங்கு பிரிக்கப் பெக்கோ இயந்திரம் இறக்கி, காட்டோடு தரையையும் பெயர்த்துக் கிணற்றையும் நிரவிவிட்டார்கள். எல்லை போட்ட கம்பித் தூண்கள் மட்டும் நிற்கின்றன. போன பெருநாளுக்கு மகன் அங்கே ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தந்தான். மறுநாள் காணிக்குப் போனோம். சுபைதா கொஞ்சத் தூரம் நடந்தாள், நின்றாள், திரும்பி வந்தாள், இன்னொரு பக்கம் நடந்தாள்.

"எண்ட அறை இதுதானே?" என்று என்னைக் கேட்டாள்.

அளக்க ஒரு கல்கூட அங்கே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நான் யோசிக்கவில்லை.

"ஓம், இதேதான்," என்றேன். "அதில நில்லு."

நின்றாள். இல்லை என்று சொல்ல எவருக்காவது துணிவிருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.