பெருவியாதி என்று நான் சொன்ன நாள்

மணல் அச்சிலிருந்து உதிர்த்தெடுத்த இரும்பு வார்ப்பு, தொட்டால் தோல் உரியும் சூட்டில் இருக்கும். மற்றவர்கள் கையுறை போட்டு இடுக்கியால் தூக்குவதை, சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த அந்தத் தொழிலாளி வெறும் இடக்கையால் எடுத்து வைப்பார். "இது கையில்லடா, இடுக்கி!" என்று கூட இருந்தவர்கள் கத்துவார்கள். அவரும் சிரிப்பார். ஓசூரில் அந்த வார்ப்பாலைக்கு நான் சூப்பர்வைசர். வேலை வேகமாக நடந்ததால் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கொப்புளம் கிளம்பியும் வலிக்கவில்லையே என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் அந்தக் கொப்புளம் புண்ணாகி அவர் ஆலை டாக்டரிடம் போனார்; சில நாளில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "தொழுநோய், ஆரம்பம்தான். மாத்திரை தொடங்கியாச்சு, இனி யாருக்கும் பரவாது. வேலைக்கு வரட்டும், கையில உணர்ச்சி இல்லை, சூட்டு வேலையில் மட்டும் விடாதீங்க." தலையாட்டிவிட்டு நேரே கேன்டீனுக்குப் போனேன். "அவருக்குப் பெருவியாதிப்பா, தட்டைத் தனியா வையுங்க" என்றேன். எம்.ஏ. படித்த வாய் அது.

தமிழில் பெருவியாதி, கன்னடத்தில் தொட்ட ரோகம், தெலுங்கில் பெத்த ரோகம்; தொட்ட, பெத்த என்றாலும் பெரிய என்பதுதான். மூன்று மொழியிலும் ஒரே அர்த்தத்தோடு அந்தச் சொல் அன்று சாயங்காலத்துக்குள் அவர் குடியிருந்த மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் அவருடைய பாத்திரங்களைத் தெருவில் வைத்தார். கணக்கு முடிக்கக்கூட அவர் ஆலைக்கு வரவில்லை.

எதில் பெரிது இந்த வியாதி? கொல்வதிலா? மாத்திரைக்கு அடங்குகிற கிருமி இது. பழைய வைத்திய நூல்களில் குட்டம், அதாவது குஷ்டம், என்பது தோல்நோய்கள் பலவற்றுக்குப் பொதுப்பெயர். படையும் சொறியும்கூட அதில் சேரும். என் காலில் வருஷக்கணக்காக இருக்கும் படைக்கு அந்தக் கணக்கில் நானும் குட்டரோகிதான். என் தட்டை யாரும் தனியே வைக்கவில்லை. முன்பிறவிப் பாவம் என்று ஒரு கதையைக் கட்டி, இரக்கப்பட வேண்டிய இடத்தில் அருவருப்பை வைத்து, அதற்கு 'பெரு' என்று மகுடமும் சூட்டியிருக்கிறார்கள். நோய் சிறியதுதான். பெரிதாக இருந்தது எங்கள் பயமும் திமிரும்.

பல வருஷம் கழித்து, போன மாதம் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் அவரைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. நோய் எப்போதோ குணமாகிவிட்டது. மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் யாரோ சொன்ன பழைய பேச்சால் தட்டிப்போய்விட்டன, மூன்றாவது இப்போதுதான் கூடிவந்திருக்கிறது என்றார். "நான் பண்ணின தப்பு அது. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே வந்து, இது குணமான நோய், பரவாதுன்னு எடுத்துச் சொல்றேன்" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"வேணாங்க சார். அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க. நீங்க வந்தீங்கன்னா தெரிஞ்சிடும்."

கல்யாணம் எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.