உட்காராத லீவர்

டாட்காம் கம்பெனிகள் சரிந்த சமயம். டாலஸ் பக்கத்துத் துப்பாக்கி ரிப்பேர் கடையில் ஒரு தமிழர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னைவிட இளையவர்தான், ஆனால் தலை முழுக்க நரை. எதையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார்.

க்ரீன் கார்டு வந்த சந்தோஷத்தில் ஒரே மாடலில், கீழே இருக்கும் லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் இரண்டு பழைய ரைபிள்கள் வாங்கியிருந்தேன். ஒன்றில் லீவர் உடைந்ததும் மற்றதிலிருந்து கழற்றி மாட்டினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. அதைத்தான் அவரிடம் கொண்டு வந்திருந்தேன்.

"ஒரே மாடல்தானே?" என்றேன்.

"மாடல் ஒண்ணுதாண்ணே. ஒவ்வொண்ணையும் தனியா அரம் போட்டுச் சேர்த்திருக்காங்க. ஒண்ணோடது இன்னொண்ணுல உட்காராது." தினமும் சொல்லி அலுத்த குரல்.

லீவரைத் தேய்த்தபடி என் வேலையைக் கேட்டார்.

"ஐடி. ப்ராஜெக்ட் இல்லாம மூணு மாசமா பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். ஒருத்தரை லே-ஆஃப் பண்ணிட்டு, மண்டேலேர்ந்து அவர் சீட்ல என்னைப் போடறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கில்லாம்."

அரம் நின்றது.

"அந்த ஆள் எங்கண்ணே போனாரு?"

நான் விசாரித்திருக்கவில்லை. அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், என்னையறியாமல் கைப்பிடியைக் கட்டை விரலால் தடவினேன். வேறொருவர் கை பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.