மோசம்னு எழுதிக்கோம்மா

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர் அவர். ராயபுரத்து ஆஸ்பத்திரியில், இதய நோயாளிகள் வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். புருவம்கூட வெயிலில் வெளுத்துப்போன முகம். பெஞ்சு, சுவர், தன் நெஞ்சு என்று எதன்மேலாவது உள்ளங்கையைப் பதித்தபடியே இருந்தார். இஞ்சின் மூடியில் கை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்த பழக்கமாம்.

ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டார். “உங்க உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க? நல்லாவா, சுமாரா, மோசமா?”

“மோசம்னு எழுதிக்கோம்மா.”

“ஈசிஜி, எக்கோ எல்லாம் நல்லா இருக்கே?”

“கரையில கட்டிவச்சு ஓட்டுனா எந்த இஞ்சினும் நல்லாத்தான் ஓடும். உள்ள குந்திகினு ஓட்றவன் நானு. எனக்குத் தெரியாதா?”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க சொல்றதும் எனக்கு ஒரு ரிப்போர்ட்தான். இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க.”

எனக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. உடம்பு சரியில்லை என்றால் மேலே ஏற விடமாட்டார்கள். போன மூன்று முறையும் ‘நல்லா இருக்கேன்’ என்றே சொல்லியிருந்தேன்.

எழுந்து போகிறவர் என் முதுகில் கையைப் பதித்தார். சட்டென்று எடுக்கவில்லை.

“இன்னா மாமு?” என்று சிரிக்கப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டு வார்டுப் பக்கம் போய்விட்டார். அந்தக் கைக்கு என்ன தெரிந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அடுத்து நீங்க. உடம்பு எப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

தயாராக வைத்திருந்த ‘நல்லா’ என் வாயிலிருந்து வரவில்லை.