நாற்பது நொடியில் முப்பத்தாறு

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். வீட்டிலேயே உயரமானவள் அவள்தான். மூன்று பெண்களில் இளையவள். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனத்தில், மூத்த அக்காவின் கணவர் பணியாற்றிய அதே அறையில் அவளுக்கும் ஒரு மேசை. இருவரும் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பகுதிகளை எழுதியவர்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தயாரித்து அச்சிடுவது அதன் பணி. ஓர் அறிக்கைக்கு முன்பெல்லாம் நான்கு நொடி. அந்த ஆண்டு நாற்பது நொடி. இதுவரை சொன்னவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆய்வகத்தில் காத்திருப்போரின் வரிசை வாசலைத் தாண்டியது. கணக்கிடும் பகுதிதான் இழுக்கிறது என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். அதை எழுதியவர் அத்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அளந்து சொல்லுங்க. அதுதான்னா, அதையும் தூக்கிடலாம், எழுதினவரையும் தூக்கிடலாம்" என்றார் மேலாளர், குட்டியிடம். உறவு அவருக்குத் தெரியும்.

அன்று மாலை அக்கா, "கொஞ்சம் பார்த்து அளடி" என்றாள்.

"இழுத்துப் பிடிச்சு அளக்க அது என்ன துணியாக்கா?"

"விடுங்க. நான் எழுதினது மேல எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு" என்றார் அத்தான், தட்டைப் பார்த்தபடி.

வியாழன் காலை அவள் புரொஃபைலரை ஓட்டினாள். மென்பொருளின் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று பட்டியலிடும் கருவி அது, முகதாட்சணியம் அறியாதது. அத்தானின் கணக்கு ஒரு நொடி. நேரக்குறிப்பு முப்பத்தாறு நொடி.

நேரக்குறிப்பு அவள் எழுதியது. எப்போதோ வேறொரு புகார் வந்தபோது, ஒவ்வொரு படியும் முடிந்த நேரத்தை ஒரு கோப்பில் பதியும்படி நான்கு வரிகள் சேர்த்திருந்தாள். ஒரு வாரத்தில் எடுத்துவிடுவதாக எண்ணம். எடுக்கவில்லை. கோப்பு வளர்ந்துகொண்டே போனது. அதன் கடைசியில் ஒரு வரி சேர்ப்பதற்காக மென்பொருள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்து வந்தது. நேரம் எங்கே போகிறது என்று எழுதி வைப்பதிலேயே நேரம் போயிருந்தது.

மேலும் நான்கு முறை அளந்தாள். பட்டியல் மனம் மாறவில்லை. சத்தமில்லாமல் அந்த வரிகளை அழித்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் இழுத்தது யாருடையது என்ற கேள்விக்கு மேலாளரிடம் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது.

அவர் அறைக்குப் போனாள். "என்னோடதுதான் சார்."

"அத்தானைக் காப்பாத்தறீங்களா?"

"அவரைக் காப்பாத்த வேண்டியதே இல்ல சார். ஒரு நொடிதான் எடுத்துக்கறார்."

"குடும்பமா உக்காந்து பேசி வச்ச மாதிரி இருக்கே?"

"பேசினோம் சார். எல்லாரும் அவர்தான்னு நெனச்சோம்."

அவர் கண்ணெதிரிலேயே நான்கு வரிகளையும் அழித்து மென்பொருளை ஓட்டினாள். அறிக்கை நான்கு நொடியில் வந்து விழுந்தது. மேலாளர் தம் கைக்கடிகாரத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவளைக் கீழ்த்தளத்துச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிறர் எழுதியதில் பிழை கண்டால் சொல்லலாம். எதிலும் கை வைக்கக் கூடாது. அத்தான் அதே அறையில் இருந்து ஓய்வு பெற்றார். குட்டி கீழ்த்தளத்தில் இருந்தது பதினோரு ஆண்டுகள்.