மச்சான் பெயரில் ஒரு மிளகாய் மில்

மலேசியாவின் கிள்ளானில் எனக்கு ஓர் அரவை மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் கொண்டுவந்தால் அரைத்துத் தருவேன். முதல் வாக்கியத்திலேயே ‘எனக்கு’ என்று எழுதிவிட்டேன், பாருங்கள், போன வருடம்வரை அப்படி எழுத எனக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. மில் என் மனைவியின் தம்பி பெயரில் இருந்தது.

காரணம் சனி பகவான். மில் தொடங்கிய காலத்தில் எனக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது. என் பெயரில் பெட்டிக்கடை வைத்தாலும் விளங்காது என்று ஜோசியர் கையை விரித்துவிட்டார். மச்சானின் ஜாதகமோ பளிச்சென்று இருந்தது. அவன் துறைமுகத்தில் வேலை செய்கிறவன். மில் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். ஆனாலும் வியாபாரப் பதிவு, லைசென்ஸ், கடை வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவன் பெயரில் போட்டோம். பிறகு சனி போய்விட்டார். பெயர் மட்டும் போகவில்லை. மச்சான்தானே, என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். லாயரிடம் கேட்கலாமே என்று தோன்றக்கூட இல்லை. லாயர் என்றால் போலீஸில் மாட்டியவன் தேடுகிற ஆள் என்பது என் எண்ணம்.

அதோடாவது நிறுத்தினேனா? மில்லுக்கு யார் வந்தாலும், “முதலாளி துறைமுகத்துல இருக்காரு, நான் வெறும் கூலி” என்று சொல்லிச் சிரிப்பேன். மச்சானின் நிச்சயதார்த்தத்திலும் அதே ஜோக்கை எடுத்துவிட்டேன். “எங்க மில் முதலாளி!” என்று அவன் தோளைத் தட்டினேன். எங்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை, மரியாதையாகத் தலையாட்டினார்.

போன வருடம் அந்தப் பெண் விவாகரத்து கேட்டாள். ஒரு காலையில் மச்சான் மில் வாசலில் வந்து நின்றான்.

“மாமா, கோவிச்சிக்காதீங்க. அவ லாயரு என் சொத்துல பங்கு கேக்குறாரு. அதுல மில்லும் இருக்கு.”

“எந்த மில்லு?”

“இந்த மில்லுதான்.”

“மாமாவோடதுன்னு சொல்ல வேண்டியதுதானடா!”

“சொன்னேன் மாமா. பேரு யாரோடதுன்னு கேக்குறாங்க.”

மல்லி மூட்டைமேல் உட்கார்ந்தேன். இரண்டு மகள்களும் காலேஜில். இந்த வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? என் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு மெஷின்தான்.

பயந்தவனுக்கு மூளை எப்படி வேலை செய்யும் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய விரும்பினால் என்னைக் கூப்பிடலாம். மெஷின் இல்லாவிட்டால் மில் இல்லை, மில் இல்லாவிட்டால் பங்கு இல்லை என்று முடிவு கட்டினேன். ஒரு லோரி பிடித்து, மெஷினைக் கழற்றி ஏற்றி, பண்டமாரானில் ஒரு நண்பனின் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். ரகசியமாக! லோரி குலுங்கிய இடமெல்லாம் மெஷினுக்குள் இருந்த பழைய மிளகாய்த் தூள் பறந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் தும்மிக்கொண்டே ஹாரன் அடித்தார்கள். டிரைவர் கண்ணைக் கசக்கினார். “அண்ணே, என்னதான் ஏத்துனீங்க? ரோடு தெரியல லா!”

மாலையில் மனைவி காலி மில்லைப் பார்த்தாள்.

“மெஷின் எங்க?”

“ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“அப்படியே உங்களையும் அங்கயே ஒளிச்சிட்டு வந்திருக்கலாம்.”

மறுநாள் அவள்தான் என்னைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் லாயர் ஆபீஸ். அந்தக் கடையில் நான் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

லாயர் ஒரு இளம்பெண். நான் உட்கார்ந்ததும் தும்மினாள். என் சட்டைதான் காரணம். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அங்கிள், மெஷின இன்னிக்கே திருப்பிக் கொண்டாந்து வைங்க.”

“வெச்சா எடுத்துக்குவாங்களேம்மா!”

“ஒளிச்சாதான் ஆபத்து. உங்களோடதுன்னா ஏன் ஒளிச்சீங்கன்னு கோர்ட்டு கேக்கும். பேரையும் இப்ப அவசரமா மாத்திடாதீங்க. அதுவும் ஒளிக்கிற கணக்குல வந்துரும்.”

பெயரை மாற்ற அன்று மத்தியானம்தான் மச்சானை வரச் சொல்லியிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“நீங்கதான் மில்ல நடத்துறீங்கன்னு சொல்ல சாட்சி இருக்கா?”

“கிள்ளான் முழுக்க என் கஸ்டமர்தாம்மா!”

“நல்லது. முதலாளி யாருன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்க?”

நான் மறுபடி மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி விடவில்லை. “சொல்லுங்க. சிரிச்சிக்கிட்டே சொல்லுவீங்கள்ல, அதே மாதிரி சொல்லுங்க.”

லாயர் பேனாவைக் கீழே வைத்தாள். “தொடங்குறப்பவே வந்திருந்தா ஒரு கிளாஸ் தே தாரிக் டீ ஆறுற நேரத்துல முடிஞ்சிருக்கும். உங்க பேர்லயே போடச் சொல்லியிருப்பேன். முடியாதுன்னா, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஒரு ஒப்பந்தமாவது எழுதியிருக்கலாம்.”

“அப்ப எனக்குச் சனி நடந்துச்சும்மா.”

“அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம் அங்கிள்.”

மெஷின் அதே லோரியில் தும்மலோடு திரும்பி வந்தது. மில் தன்னுடையது இல்லை என்று மச்சான் சத்தியப் பத்திரம் கொடுத்தான். பங்கைத் தவிர்க்க அவன் அப்படித்தான் சொல்வான் என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. பிறகு வாரக்கணக்கில் காத்திருந்தேன். ஒருவரின் மஞ்சளை இன்னொருவரின் மல்லியில் கொட்டி அரைத்தேன். வாசலில் கார் நின்றால் மில்லைப் பூட்ட வந்துவிட்டார்கள் என்று ஸ்விட்சை அணைத்தேன். இறங்கியது அரைக்க வந்த ஆன்டி.

கடைசியில் இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். மச்சானின் மனைவி என்னை நேராகப் பார்த்தாள்.

“அண்ணே, நிச்சயத்தன்னிக்கு மில் முதலாளின்னு நீங்கதான சொன்னீங்க? எங்கப்பா அத நம்பித்தான் சரின்னாரு.”

“அது... ஜோக்கும்மா.”

என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக ஒரு ஜோக் விழுந்ததில்லை. அவள் மச்சானைக் கைகாட்டி, தன் லாயர் பக்கம் திரும்பினாள்.

“இவரு சட்டையெல்லாம் நான்தான் துவைச்சேன். ஒரு நாளும் மிளகா நெடி அடிச்சதில்ல. மில்லு எனக்கு வேணாம், விட்டுருங்க.”

நான் நன்றி சொல்வதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

அதை எழுத்தில் வாங்கி, வழக்கும் முடிந்த பிறகுதான் பெயர் மாற்றப் போகலாம் என்றாள் என் லாயர். கையெழுத்துப் போட வேண்டிய எல்லாவற்றையும் முதலில் அவளிடம் காட்டிவிட்டேன். பதிவு ஆபீஸ் கவுண்டரில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

“ராகு காலம்ங்க. கொஞ்சம் பொறுத்துப் போலாம்.”

“பொறுக்கலாம். அதுக்குள்ள உன் தம்பி இன்னொரு கல்யாணம் பண்ணிட்டான்னா?”

அவள் சட்டையை விட்டாள். நான் ஓடினேன்.