மனவாசகர் சிவபாதம் தோற்ற பின்னேரம்

கல்முனை பஸ்ஸில் ஏறியதும் சிவபாதம் ஆட்களின் கால்களைத்தான் பார்க்கிறார். அடுத்த தரிப்பில் இறங்கப்போகிறவரின் குதிக்கால், ஆள் எழும்ப முன்னமே வாசல் பக்கம் திரும்பிவிடுமாம். அந்த இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஐந்து நிமிடத்தில் அமர்ந்தும் விட்டார். நான் குருக்கள்மடம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவர்களை முகத்தில் தேடி ஏமாந்து, பிறகு கையில் தேடப் பழகினாராம். "முகம் எத்தினை பொய்யும் சொல்லும் தம்பி. கைக்கு அந்தப் பழக்கமில்ல" என்கிறார். இப்போது கறுப்புக் கோட்டு, சந்தனப் பொட்டு, பின்னால் 'மனவாசகர் சிவபாதம்' என்ற பதாகை. கோயில் சடங்கு, பள்ளிக்கூட விழா, கலியாண வீடு என்று வருடம் முழுதும் அழைப்பு.

மூன்று சிறு புத்தகங்களும் எழுதியிருக்கிறார். தன் வித்தையை ஒளிக்காமல் எழுதுகிற வித்தைக்காரர். மூன்றுக்கும் முதல் வரி ஒன்றே: 'எனக்கு உங்கள் மனம் தெரியாது.' வாங்குகிறவர்கள் அந்த வரியை மட்டும் தாண்டிவிடுகிறார்கள் போலும். தேற்றாத்தீவில் ஒரு வீட்டில் அவருடைய புத்தகம் சாமிப்படத்துக்குக் கீழே குங்குமத்தோடு இருந்ததை நானே கண்டேன். வீட்டில் மட்டும் அவருக்கு அந்த மதிப்பில்லை. "வச்ச பூட்டுத் திறப்பு எங்க கிடக்கெண்டு என்னட்டக் கேக்கிற மனிசன். இவருக்கு ஊராற்ற மனசு தெரியுமாம்!" என்று மனைவி வசந்தாதேவி என்னிடமே சொன்னார்.

அவர் நிகழ்ச்சியில் ஆட்கள் விரும்பிக் கேட்பது 'கள்ளன் யார்?' என்ற விளையாட்டு. ஐந்து பேரை மேடைக்கு அழைப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பார். ஐவரில் ஒருவர் ஒரு காசைக் கைக்குள் பொத்திக்கொள்ள, மற்றவர்களும் கையைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு கட்டை அவிழ்த்து, வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கள்ளனைச் சொல்லிவிடுவார். காசு வைத்திருப்பவர் கையை மறந்ததுபோல நடிப்பார், மற்றவர்கள் உண்மையாகவே மறந்திருப்பார்கள். வித்தை அவ்வளவுதான்.

போன வைகாசியில் பெரியகல்லாற்றில் அம்மன் சடங்கு. கோயில் முன்றலிலேயே மேடை. அன்று காசு சாமித்தம்பி என்ற மீனவரின் கையில் இருந்தது. "இவர்தான் கள்ளன்!" என்று வழக்கம்போலத் தோளில் தட்டினார் சிவபாதம். சனம் கைதட்டவில்லை, வாயடைத்து நின்றது. வியப்பில்தான் அப்படி என்று வெளியூர்க்காரரான அவர் எண்ணிக்கொண்டார்.

மூன்று நாளைக்கு முன் ஜெயந்தன் என்பவரின் வலைகள் களவு போயிருந்தன. சாமித்தம்பி அந்த ஜெயந்தனின் தோணியில் போகிறவர். சடங்கு நாட்களில் தெய்வம் ஏறியவர் கட்டு என்று குறி சொல்லுகிற முன்றல் அது. அங்கே சொன்ன சொல்லை விளையாட்டென்று தள்ள ஊருக்கு மனம் வரவில்லை. மறுநாளே சாமித்தம்பிக்குத் தோணியில் இடமில்லாமல் போயிற்று. கடைக்காரர்கூட அவர் உள்ளே வந்தால் கண்ணெடுக்காமல் பார்த்தாராம்.

இரண்டு கிழமை கழித்து சாமித்தம்பி குருக்கள்மடத்தில் சிவபாதத்தின் வீட்டுக்கு வந்து படலையடியில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று வசந்தாதேவி பயந்தார். அவர் கேட்டது வேறு.

"எனக்குத் தெரியாம, நித்திரையில எடுத்திருப்பனா அண்ணே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

இதைச் சொல்லும்போது சிவபாதத்தின் குரல் இறங்கிவிடுகிறது. "ஊர் நம்பினது போகட்டும் தம்பி. அந்தாளே நம்பிட்டார். அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல."

அடுத்த பஸ்ஸிலேயே ஜெயந்தனிடம் போனார். தன் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாக விளக்கினார். ஜெயந்தன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அடக்கமாப் பேசுறீங்கண்ணே. பெரிய ஆக்கள் அப்பிடித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விளக்க விளக்க அவர் மதிப்பு ஏறியதே தவிர, சாமித்தம்பியின் பழி இறங்கவில்லை.

போன மாதம் அதே ஊரின் பொதுமண்டபத்தில், பின்னேரம் நான்கு மணிக்கு, இலவச நிகழ்ச்சி என்று அறிவித்தார். நானும் போயிருந்தேன். இடம் போதாமல் சனம் ஜன்னலில் தொங்கியது. முதல் ஐவரில் தவறான ஆளைத் தொட்டார். சிரிப்பு. இரண்டாவது ஐவரிலும் தவறு. "கண் மங்கிற்றோ?" என்று ஒருவர் கத்தினார். பிறகு ஜெயந்தனே மேடையேறினார். காசை ஒரு கைக்குள் பொத்தி, இரண்டு கைகளையும் நீட்டினார். "என்ர கையச் சொல்லுங்க பாப்பம்."

சிவபாதம் வெகுநேரம் பார்த்தார். நெற்றி வேர்த்தது. இடது கையைத் தொட்டார். வெறும் கை.

மண்டபம் ஊளையிட்டது. ஜெயந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது அவர் முகம் ஒருமாதிரியாகிவிட்டது. கீழே இறங்கி நேரே பின்வரிசைக்குப் போய், சாமித்தம்பியின் முன்னால் நின்றார். "விடிய தோணிக்கு வாகா, வலைக்குப் போவம்" என்றார். சாமித்தம்பி சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வலையை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. சிவபாதத்துக்கு அந்தக் கிழமையே ஒரு கலியாண வீடும் ஒரு பள்ளிக்கூட விழாவும் கைவிட்டுப் போயின.

அன்று மண்டபத்தின் பின்புறம் கோட்டைக் கழற்றிவிட்டு இருந்தவரிடம், "உண்மையாகவே பிடிபடவில்லையா?" என்று கேட்டேன்.

"வயசு போயிற்று தம்பி. மறுகா என்ன, ஒண்டும் பிடிபடுதில்ல."

விடாமல் நான் ஒரு காசைக் கைக்குள் பொத்தி, இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினேன். அவர் தலையை ஆட்டி, "தெரியாது" என்றார். எனக்கென்று வைத்திருந்த தேநீர்க் கோப்பையை எடுத்தார். காசில்லாத கையின் விரல்களை மெல்லப் பிரித்து, அதில் வைத்தார்.